பிரெஞ்சு கற்றால் ‘நாம்’ ஆகிவிடலாமா? பிரான்சின் புதிய மொழி விதியும் அதன் வேர்களும்

2026 ஜனவரி 1 முதல் பிரான்சில் குடியுரிமை கேட்பவருக்கு பி2 நிலைப் பிரெஞ்சு (ஆறு படிகளில் நான்காவது) தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய நாள் வரை பி1 போதுமாக இருந்தது. வதிவிட அட்டைகளுக்கும் படி உயர்ந்திருக்கிறது. பாரிஸில் தமிழர்கள் கூடும் லாசப்பல் கடைத்தெருவிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் இது பேசப்படும்போது மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. யாருக்கு எந்த நிலை வேண்டும்? ஒரு நாடு ஏன் மொழியை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது? மொழியைக் கற்றால் ஆள் உண்மையிலேயே மாறிவிடுவாரா? முதல் கேள்விக்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கு வரலாற்றைப் புரட்ட வேண்டும். மூன்றாவதற்கான பதில் பாதி இலக்கணத்திலும் பாதி பேக்கரி வாசலிலும் கிடைக்கிறது.

## சட்டம் என்ன சொல்கிறது

2024 ஜனவரி 26ஆம் தேதிய குடியேற்றச் சட்டம்தான் மூலம். அதன் மொழிப் பகுதி 2026 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது.

1. பல ஆண்டு வதிவிட அட்டைக்கு ஏ2. முன்பு அரசு ஏற்பாடு செய்த வகுப்புக்கு ஒழுங்காகப் போனாலே போதும், தேர்வில் தேற வேண்டியதில்லை.
2. பத்தாண்டு வதிவிட அட்டைக்கு பி1. முன்பு ஏ2.
3. குடியுரிமைக்கு பி2, பேச்சிலும் எழுத்திலும். முன்பு பி1.
4. இவை மூன்றுக்கும் கூடுதலாக ஒரு குடிமைத் தேர்வு. 45 நிமிடம், 40 கேள்விகள், 32 சரியாக இருந்தால் தேர்ச்சி.

பரவும் வதந்திகளில் முக்கியமானது, கையில் இருக்கும் அட்டையைப் புதுப்பிக்கும்போதே தேர்வு வைத்துப் பறித்துவிடுவார்கள் என்பது. அப்படி இல்லை. விதி அந்தந்த அட்டையை முதன்முறையாகக் கேட்பவர்களுக்கு. அகதித் தகுதி பெற்றவர்களுக்குப் பத்தாண்டு அட்டை மொழி நிபந்தனை இல்லாமலே கிடைக்கும். 65 வயதைக் கடந்தவர்களுக்கும் அட்டைகளுக்கான மொழித் தேர்வு இல்லை. மாணவர் அட்டையும் உயர்திறனாளர்களுக்கான ‘தலான்’ அட்டையும் இந்த வரிசையிலேயே வராது.

குடியுரிமையில் கதை வேறு. அங்கே அகதி என்பதற்காக மட்டும் சலுகை கிடையாது. குடிமைச் சட்டத் தொகுப்பின் 21-24-1ஆம் பிரிவின்படி, அகதியாகவோ நாடற்றவராகவோ இருந்து, பிரான்சில் குறைந்தது 15 ஆண்டுகள் முறையாக வாழ்ந்து, 70 வயதையும் தாண்டியிருந்தால் மொழி நிபந்தனை விலக்கப்படும். 1980களில் இருபது வயதில் வந்து சேர்ந்த ஈழத்தமிழர் இப்போதுதான் அறுபதுகளில் இருக்கிறார். அவருக்கு அந்தக் கதவு இன்னும் சில ஆண்டு தள்ளியே நிற்கிறது.

## பி2: பிழைக்க அல்ல, வாதிட

ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்ற ஆறு படிகள் பிரான்சு கண்டுபிடித்தவை அல்ல. ஐரோப்பிய மன்றம் 2001இல் எல்லா மொழிகளுக்கும் பொதுவாக வெளியிட்ட அளவுகோல் அது.

நடைமுறையில் இப்படிப் புரிந்துகொள்ளலாம். பள்ளியிலிருந்து வரும் விடுமுறை அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொள்பவர் ஏ2. வீட்டு உரிமையாளரிடம் சுவர் ஈரம் பிடித்திருப்பதை விளக்கி, எப்போது சரிசெய்வீர்கள் என்று கேட்கத் தெரிந்தவர் பி1. அதே உரிமையாளருக்கு, இது என் பராமரிப்புக் குறை அல்ல, கட்டடத்தின் குறை, ஏனென்றால் என்று காரணங்களை அடுக்கிக் கடிதம் எழுதத் தெரிந்தவர்தான் பி2. செய்தித்தாள் தலையங்கத்தைப் படித்துவிட்டு எங்கே உடன்படவில்லை என்று சொல்ல வேண்டிய நிலை அது. சுழியத்திலிருந்து அங்கே போக ஏறத்தாழ 500 முதல் 600 மணி நேர வகுப்பு தேவைப்படும் என்பது பொதுவான கணக்கு. ‘டெல்ஃப்’ என்ற மொழித் தேர்ச்சிப் பட்டயம் வாங்கினால் ஆயுள் முழுக்கச் செல்லும். ‘டிசிஎஃப்’ தேர்வு முடிவு இரண்டு ஆண்டுக்கு மட்டும்.

பி1க்கும் பி2க்கும் நடுவே இருப்பது வெறும் சொற்களின் எண்ணிக்கை அல்ல. வாழத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்த அரசு இப்போது வாதிடத் தெரியுமா என்று கேட்கிறது.

பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் தமிழர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் தொடங்கிச் சிலர் தலைமைச் சமையல்காரராகவும் உயர்ந்திருக்கிறார்கள். அங்கே புழங்கும் பிரெஞ்சு எப்படிப்பட்டது? கொதிக்கும் சட்டியோடு பின்னால் வருபவர் ‘ஷோ! ஷோ!’ என்று கத்துவார். சூடு, விலகு என்று பொருள். ‘வித்!’ என்றால் சீக்கிரம். மற்றதெல்லாம் கொடு, எடு, வெட்டு, கழுவு. பதினைந்து ஆண்டு அந்த மொழியில் மூழ்கிக் கிடந்தாலும் அது ஏவல் வினைகளிலேயே நிற்கும். ‘நான் உங்கள் கருத்தோடு உடன்படாததற்குக் காரணம்’ என்று தொடங்கும் வாக்கியத்துக்கு அந்த அடுப்படியில் இடமே இல்லை. பி2 கேட்பது அந்த வாக்கியத்தை.

## ஒரு மொழி எப்படிக் குடியரசு ஆனது

பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிவெறி என்று நம்மூரில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவதுண்டு. உண்மை அதைவிட விசித்திரமானது. பிரான்சில் பெரும்பாலோருக்குப் பிரெஞ்சு தெரியாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அதுவும் அவ்வளவு பழைய காலம் அல்ல.

1539இல் முதலாம் பிரான்சுவா அரசர் விலேர்-கொத்தரே என்ற ஊரில் ஓர் ஆணை பிறப்பித்தார். நீதிமன்ற ஆவணங்கள் இனி லத்தீனில் வேண்டாம், ‘பிரெஞ்சுத் தாய்மொழியில்’ இருக்க வேண்டும் என்றது அது. லத்தீனை மட்டும் விலக்கவா, வட்டார மொழிகளையும் விலக்கவா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். அந்த ஊர் அரண்மனையில்தான் 2023இல் பிரெஞ்சு மொழிக்கென ஓர் அனைத்துலக மையத்தைத் திறந்தார்கள்.

உண்மையான திருப்பம் புரட்சிக் காலத்தில் வந்தது. 1794 ஜூனில் பாதிரியார் கிரெகுவார் தேசிய மாநாடு எனப்பட்ட புரட்சிக்கால நாடாளுமன்றத்தின் முன் வைத்த அறிக்கையின் கணக்குப்படி, குறைந்தது 60 லட்சம் பேருக்குப் பிரெஞ்சு தெரியாது. இன்னுமொரு 60 லட்சம் பேரால் தொடர்ந்து ஒரு பேச்சை நடத்த முடியாது. சுத்தமாகப் பேசுபவர்கள் 30 லட்சத்தைத் தாண்ட மாட்டார்கள். அறிக்கையின் தலைப்பிலேயே ‘பேச்சு வழக்குகளை ஒழித்து’ பிரெஞ்சைப் பொதுவாக்குவது என்ற நோக்கம் இருந்தது. அதே ஆண்டு ஜனவரியில் பாரேர் என்ற உறுப்பினர் இன்னும் காரமாகப் பேசினார்: மூடநம்பிக்கை பிரெத்தோன் பேசுகிறது, குடியரசின் மீதான வெறுப்பு ஜெர்மன் பேசுகிறது, எதிர்ப்புரட்சி இத்தாலியன் பேசுகிறது, மதவெறி பாஸ்க் பேசுகிறது.

இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்றால் அது எல்லோருக்கும் புரிய வேண்டும். விவசாயிக்குச் சட்டம் புரியாவிட்டால் ஊர்ப் பெரிய மனிதரும் பாதிரியாரும் சொல்வதுதான் சட்டம். பொதுமொழி அந்த இடைத்தரகரை ஒழிக்கும். சமத்துவத்தின் பெயரால் வந்த வாதம் அது. அதற்குக் கொடுத்த விலையும் அதே அளவுக்கு உண்மை. 1881-82இல் ஜூல் ஃபெரியின் சட்டங்கள் இலவசக் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்த பிறகு, பிரெத்தாஞ் போன்ற பகுதிகளின் பள்ளிகளில் வீட்டு மொழியில் ஒரு சொல் வாய்தவறி வந்தால் அந்தக் குழந்தையின் கழுத்தில் மரக்கட்டை ஒன்றையோ பழைய செருப்பையோ மாட்டிவிடும் வழக்கம் இருந்தது. அதைக் கழற்ற ஒரே வழி, அதே குற்றத்தைச் செய்யும் இன்னொரு குழந்தையைப் பிடித்துக் கொடுப்பது. தெற்கே ஒக்சிதான் பேசியவர்கள் அந்தக் காலத்தைத் தங்கள் மொழியில் ‘வெர்கோஞா’ என்கிறார்கள். வெட்கம் என்று பொருள்.

‘குடியரசின் மொழி பிரெஞ்சு’ என்ற வரி அரசியலமைப்பில் ஏறியது 1992இல்தான். வட்டார மொழிகள் நாட்டின் மரபுச் செல்வம் என்ற வரி 2008இல் சேர்ந்தது. ஆனாலும் 2021இல், பாடம் முழுவதையும் வட்டார மொழியில் நடத்தும் முறைக்கு நாடாளுமன்றம் கொடுத்த அனுமதியை அரசியலமைப்பு மன்றம் தடுத்துவிட்டது.

ஆகவே புலம்பெயர்ந்தவரிடம் இன்று கேட்கப்படுவது, உள்ளூர்க்காரர்களின் பாட்டன்மாரிடம் ஏற்கெனவே வாங்கப்பட்டது. இது ஆறுதலா இல்லையா என்பது வேறு விஷயம். நம்மை மட்டும் குறிவைத்த புதிய கண்டுபிடிப்பு இது என்று நினைப்பது தவறு.

## தமிழ் வாயில் பிரெஞ்சு: என்ன மாறுகிறது

தேர்வுத்தாளில் வராத மாற்றங்கள்தான் அதிகம். தமிழ் பேசுபவருக்கு முக்கியமானவை இவை.

1. ‘போன்ழூர்’ ஒரு சாவி. பேக்கரிக்குள் நுழைந்து, மரியாதையான குரலில், சரியான இலக்கணத்தோடு ‘ஒரு பாகெத் கொடுங்கள்’ என்று கேட்கிறோம். கடைக்காரப் பெண் ரொட்டியை எடுக்காமல் நம் முகத்தைப் பார்த்து, அழுத்தமாக, ‘போன்ழூர்’ என்கிறார். வணக்கம் அல்ல அது, திருத்தம். பிரான்சில் அந்தச் சொல்லைச் சொல்லாமல் எதைக் கேட்டாலும் அது ஆணையாகவே காதில் விழும். நம்மூர்க் கடையில் நாம் வணக்கம் சொல்வதில்லை, ஆனால் ‘அண்ணே, அரைக் கிலோ வெங்காயம்’ என்கிறோம். அந்த ‘அண்ணே’ செய்யும் வேலையை அங்கே ‘போன்ழூர்’ செய்கிறது. நாம் உறவு கொண்டாடி உள்ளே நுழைகிறோம். அவர்கள் முன்பின் தெரியாதவர் என்ற இடைவெளியை மதித்து நுழைகிறார்கள்.

2. ‘த்யு’வும் (நீ) ‘வூ’வும் (நீங்கள்). நீ, நீங்கள் இருக்கும் மொழியிலிருந்து போகிறவருக்கு இது எளிது என்று தோன்றும். எளிதில்லை. தமிழில் வயதும் உறவும் தீர்மானிக்கின்றன. பிரெஞ்சில் நெருக்கம் தீர்மானிக்கிறது. பாரிஸில் பிறந்த ஒரு சிறுமி வீட்டில் அப்பாவிடம் ‘நீங்கள் சாப்பிட்டீங்களா’ என்கிறாள். அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் பேச்சு பிரெஞ்சுக்கு மாறுகிறது; அதே அப்பா இப்போது ‘த்யு’. அவள் மரியாதை குறைக்கவில்லை. பிரெஞ்சில் பெற்றோரை ‘வூ’ என்பது சில மேட்டுக்குடிக் குடும்பங்களில் மட்டும் மிஞ்சியிருக்கும் பழக்கம். அந்த மேசையில் அப்பா ஒருவரே. மகளுக்கும் அவருக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் மொழிக்கு மொழி வேறு. (1793இல் புரட்சிக்காரர்கள் எல்லோரையும் ‘த்யு’ என்றே அழைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஓரிரு ஆண்டுகூட நிற்கவில்லை.)

3. ‘நான்’ ஆணா பெண்ணா? தமிழில் திணை அறிவைப் பார்க்கிறது. மனிதர் உயர்திணை, நாற்காலி அஃறிணை, வழக்கு முடிந்தது. பிரெஞ்சில் சாதாரண நாற்காலி பெண், கைவைத்த நாற்காலி ஆண். மீசை வைத்த காவல் வீரனைக் குறிக்கும் ஒரு சொல் பெண்பால். இதில் தத்துவம் தேடுவது வீண். மனப்பாடம் ஒன்றே வழி. தன்னைப் பற்றிப் பேசும்போதுதான் உண்மையான வேறுபாடு வருகிறது. ‘நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்’ என்ற தமிழ் வாக்கியத்தை யாரும் சொல்லலாம். பிரெஞ்சில் ஆண் ‘கொந்தான்’ என்பார், பெண் ‘கொந்தான்த்’ என்பார். பால் சொல்லாமல் அந்த மகிழ்ச்சியைச் சொல்லவே முடியாது. தமிழில் மரியாதை ஏறினால் பால் மறைகிறது: வந்தான், வந்தாள், ஆனால் வந்தார். பிரெஞ்சு மரியாதைக்கு அந்தத் திரை கிடையாது. ‘வூ’ என்று அழைத்த பிறகும் எதிரில் இருப்பவர் ஆணா பெண்ணா என்பது அடுத்த சொல்லில் ஒட்டிக்கொள்ளும்.

4. அகராதி ஏமாற்றும் சொற்கள். குடிமைத் தேர்வில் தவறாமல் வரும் ‘லாயிசித்தே’யை மதச்சார்பின்மை என்று மொழிபெயர்க்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் கோயில்களை நிர்வகிக்க ஓர் அரசுத் துறையே இருக்கும் ஊரிலிருந்து போகிறார். இலங்கையிலிருந்து போகிறவர் பௌத்தத்துக்கு முதலிடம் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த நாட்டிலிருந்து போகிறார். இருவர் மனதிலும் இருக்கும் மதச்சார்பின்மை, அரசு எல்லா மதங்களையும் சமமாக அணைப்பது. 1905ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டமோ, குடியரசு எந்த வழிபாட்டையும் அங்கீகரிக்காது, சம்பளம் தராது, மானியம் தராது என்கிறது. யாரையும் அணைக்காத சமம் அது. வழிபாட்டைத் தடுப்பதும் அல்ல: லாசப்பல் பகுதியில் 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் ஆண்டுதோறும் பாரிஸ் தெருவில்தான் ஓடுகிறது, தேங்காய்கள் தார்ச்சாலையில்தான் உடைகின்றன. (விதிவிலக்கு இல்லாத பிரெஞ்சு விதி உண்டா? 1905இல் ஜெர்மனியின் கையில் இருந்த அல்சாஸ்-மொசெல் பகுதியில் இந்தச் சட்டம் இன்றும் செல்லாது. அங்கே பாதிரியாருக்கு அரசு சம்பளம் தருகிறது.)

‘சமூகம்’ என்ற சொல்லிலும் இதே சிக்கல். ‘எங்கள் தமிழ்ச் சமூகத்துக்கு உதவுகிறேன்’ என்று நேர்காணலில் பெருமையோடு சொன்னால், எதிரே இருக்கும் அதிகாரிக்கு ‘கொம்யுனோத்தாரிஸ்ம்’ நினைவுக்கு வரலாம். இனக்குழுவாகத் தனித்து ஒதுங்கி வாழ்வதைக் கண்டிக்கும் சொல் அது. பிரிட்டனில் பாராட்டுப் பெறும் அதே வாக்கியம் இங்கே குடியுரிமைக் கோப்பில் கேள்விக்குறி ஆகிவிடும்.

5. ஒரே ஒரு ‘நூ’. தமிழில் நாம் உண்டு, நாங்கள் உண்டு. கேட்பவரைச் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். பிரெஞ்சில் இரண்டுக்கும் ‘நூ’தான், பேச்சில் அதற்குப் பதில் ‘ஓன்’. ‘எங்கள் நாடு’ என்கிறாரா ‘நம் நாடு’ என்கிறாரா என்று இலக்கணத்தை வைத்துச் சொல்ல முடியாது. மூன்றாம் குடியரசின் பள்ளிப் புத்தகங்கள் ‘நம் மூதாதையர் கோலியர்’ (பிரான்சின் நிலப்பரப்பில் பழங்காலத்தில் வாழ்ந்த மக்கள்) என்று சொல்லிக்கொடுத்தன; காலனி நாடுகளின் பிள்ளைகளுக்கும் அதே பாடம் போனது. 2016இல் முன்னாள் அதிபர் சார்க்கோசி, பிரெஞ்சுக்காரர் ஆனதுமே உங்கள் மூதாதையர் கோலியர்தான் என்று பேசியபோது கிளம்பிய சண்டையை இந்த இலக்கணத்தோடு சேர்த்துப் பார்த்தால் சட்டென்று புரியும். அது நாமா, நாங்களா என்பதுதான் சண்டை. நமக்கு ஒரே சொல்லில் தீர்ந்திருக்கும்.

## ஆள் மாறுகிறாரா?

மொழி சிந்தனையைச் சிறையிடுகிறது என்ற பழைய கடுங்கோட்பாட்டை இன்று மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் இருமொழியாளர்கள் மொழிக்கு மொழி சற்று வேறுவிதமாக நடந்துகொள்வதற்குச் சான்று உண்டு.

சூசன் எர்வின் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் நெடுநாள் வாழ்ந்த 64 பிரெஞ்சுக்காரர்களிடம் சில படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார். ஒருமுறை பிரெஞ்சில், சில வாரம் கழித்து ஆங்கிலத்தில், அல்லது முன்பின்னாக. முடிவுகள் 1964இல் வெளியாயின. பிரெஞ்சுக் கதைகளில் வாய்ச்சண்டையும் எதிர்வாதமும் கூடுதலாக இருந்தன. பெண்கள் ஆங்கிலத்தில் சொன்ன கதைகளில் சாதிக்க வேண்டும் என்ற துடிப்பு கூடுதலாக இருந்தது. பின்னர் 2000களில் அனெத்தா பாவ்லென்கோவும் ழான்-மார்க் தெவாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பன்மொழியாளர்களிடம் ‘வேறு மொழி பேசும்போது வேறு ஆளாக உணர்கிறீர்களா’ என்று கேட்டதில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆம் என்றார்கள்.

இதை அளவோடு படிக்க வேண்டும். எந்த மொழியை எங்கே, யாரோடு கற்றோமோ அந்த இடமும் அந்த மனிதர்களும் மொழியோடு ஒட்டிக்கொண்டு வருகிறார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். பள்ளியில் பிரெஞ்சு கற்ற பிள்ளைக்கு அது வாதாடும் மொழி. அடுப்படியில் கற்ற தந்தைக்கு அது கீழ்ப்படியும் மொழி. இருவரும் பேசுவது ஒரே மொழிதான் என்று அளவுகோல் சொல்லும்.

அந்த வேறுபாடு முழுதாகத் தெரியும் இடம், வதிவிட அட்டை தரும் மாவட்ட நிர்வாகமான பிரெபெக்சர் அலுவலகத்தின் கண்ணாடிச் சன்னல். அம்மா முன்னால் நிற்கிறார், பக்கத்தில் பத்து வயது மகன். அதிகாரி அம்மாவைப் பார்க்காமல் பையனைப் பார்த்துப் பேசுகிறார். வருமானம், வாடகை, எந்த ஆண்டு வந்தீர்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் பையனே பதில் சொல்கிறான். அம்மா தமிழில் மூன்று வரி சொன்னால் அவன் பிரெஞ்சில் அரை வரி சொல்கிறான். மீதி இரண்டரை வரி வேண்டாததல்ல. அதைச் சொல்லும் பிரெஞ்சு அவனுக்கு இன்னும் வரவில்லை, அல்லது சொல்ல அவனுக்குக் கூச்சம். வீட்டில் ‘பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாதே’ என்று வளர்க்கப்படுகிற பையன், அங்கே பெரியவர்களுக்காகப் பேசுகிறான். மொழி விதி தளர்ந்தாலும் இறுகினாலும் இந்த இடமாற்றத்தை எந்தப் படிவமும் பதிவுசெய்வதில்லை.

## மொழி இல்லாத குடிமக்கள்

புதுச்சேரியைப் பார்த்தால் விதியின் மறுபக்கம் தெரியும்.

1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956இல் ஒப்பந்தம், 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி நடைமுறை. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், புதுச்சேரி, காரைக்கால் போன்ற பகுதிகளில் பிறந்து அங்கேயே வசித்தவர்கள் எழுத்து மூலம் கேட்டால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். சுமார் ஐயாயிரம் பேர் கேட்டார்கள். அவர்களில் பலர் பிரெஞ்சுப் படையில் வேலை செய்த குடும்பத்தினர். ஊர்த்தமிழில் அவர்களுக்குப் பெயர் ‘சொல்தா’.

அவர்களுடைய வாரிசுகளுக்குக் குடியுரிமை பிறப்பாலேயே வருகிறது. மொழித் தேர்வு கிடையாது. வீட்டில் தமிழ் மட்டும் பேசி, பிரெஞ்சில் நாலு வாக்கியம் சேர்த்துப் பேசத் திணறும் ஒருவர் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் புதுச்சேரியிலிருந்தே வாக்களிக்கலாம். பாரிஸில் முப்பது ஆண்டு வரி கட்டி, பி1 சான்றிதழ் வாங்கி, தெருத்தெருவாக நகரத்தை அறிந்த இன்னொரு தமிழருக்கு அந்த வாக்கு இல்லை. இருவரும் ஒரே குடும்பத் திருமணத்தில் ஒரே பந்தியில் உட்காரலாம். ரத்தமும் பிறப்பும் வழியாக வருபவரிடம் கேட்காத கேள்வியை விருப்பத்தால் வருபவரிடம் மட்டும் கேட்பது பல நாடுகளுக்கும் பொது. ஆனால் மொழிதான் குடியரசு என்று இருநூறு ஆண்டுகளாகச் சொல்லிவரும் நாட்டில் அது கூடுதலாக உறுத்துகிறது.

## பிரான்சுக்கு வெளியே இருக்கும் பிரெஞ்சு

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சு கற்பவர் கற்பது பிரான்சின் பண்பாட்டை மட்டுமல்ல. பிரெஞ்சு புழங்கும் நாடுகளின் கூட்டமைப்பான பிராங்கோபோனியின் 2022 கணக்கில் உலகில் பிரெஞ்சு பேசுவோர் 32.1 கோடி, பிரான்சின் மக்கள்தொகையோ ஏழு கோடிக்கும் குறைவு. அல்ஜீரிய எழுத்தாளர் கதேப் யாசின் பிரெஞ்சைப் போரில் கிடைத்த கொள்ளைப் பொருள் என்றார்: உன்னிடமிருந்து பிடுங்கியது, இனி என்னுடையது. செனகலின் அதிபராக இருந்த கவிஞர் செங்கோர் 1983இல் பிரெஞ்சு அகாதெமிக்கே தேர்வானார். எதிர்த் திசையிலும் நடக்கிறது: மாலி 2023இல் தன் புதிய அரசியலமைப்பில் பிரெஞ்சை ஆட்சிமொழி இடத்திலிருந்து இறக்கியது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நிலைமை தலைகீழ். அங்கே பிரெஞ்சு அடக்கும் மொழி அல்ல, ஆங்கிலக் கடலில் முழுகிவிடுவோமோ என்று அஞ்சும் மொழி. 1977இன் 101ஆம் சட்டம் குடியேறிகளின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பியது. பிரான்சின் தெருமுனைப் பலகையில் ‘ஸ்டாப்’ என்றே எழுதியிருக்கும், கியூபெக்கில் ‘அரே’. மொன்ட்ரியல் தமிழ்ப் பிள்ளையும் பாரிஸ் தமிழ்ப் பிள்ளையும் ஒரே மொழியில் படித்தாலும், ஒருவர் பயத்தோடு காக்கப்படும் மொழியைக் கற்கிறார், மற்றவர் தன்னம்பிக்கையோடு திணிக்கப்படும் மொழியைக் கற்கிறார். நம் மொழிப்போர் வரலாறு தெரிந்தவருக்கு முதல் வகை உடனே புரிந்துவிடும்.

## பெயர்

குடியுரிமைக் கோப்பில் ஒரு படிவம் விருப்பத்துக்கு உரியது: பெயரைப் பிரெஞ்சுப்படுத்திக்கொள்ள விரும்புகிறீர்களா? 1972ஆம் ஆண்டுச் சட்டம் தரும் வாய்ப்பு அது. தமிழர்களுக்கு இது புதிதல்ல. 1881 செப்டம்பர் 21 ஆணை, புதுச்சேரி இந்தியர்கள் தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது. ‘ரெனோன்சான்’ எனப்பட்ட அவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அவர்களில் முன்னணியில் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி. காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றவர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லபோர்த். கதவு என்று பொருள். மற்றவர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டவர் என்பதால் என்கிறார்கள்.

இன்றைய தமிழர்களில் பலர் அந்தப் படிவத்தை நிரப்புவதில்லை. ஆனாலும் பெயர் மாறிவிடுகிறது. தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயர்தான் முன்னெழுத்து. பிரெஞ்சுப் பதிவேட்டில் காலியாக விட முடியாத கட்டம் ஒன்று உண்டு, அதில் அப்பாவின் பெயர் போய் உட்கார்கிறது. மகன் கையில் அது குடும்பப் பெயர். அவருக்குப் பாரிஸில் பெண் பிறந்தால் அவளுக்கும் அதே.

அதனால் இப்படி நடக்கிறது. காத்திருப்போர் கூடத்தில் எண் மாறுகிறது. அலுவலர் கோப்பைப் பார்த்து, அழுத்தத்தைக் கடைசி அசையில் போட்டு, ‘மதாம் கந்தசாமி’ என்று அழைக்கிறார். சுவரோரம் உட்கார்ந்திருந்த இருபது வயதுப் பெண் தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்து போகிறாள். ஊரில், வேப்பமரத்தடியில், அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தபோதெல்லாம் திரும்பிப் பார்த்தவர் அவளுடைய தாத்தா.